அளத்தில் தங்கிய நிழல்

சிங்கப்பூர் விழுந்த மறு வருஷம், பங்குனி வெயிலில் பாத்திகளெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்த ஒரு மத்தியானம், சேந்தன்துறை உப்பளத்துக்கு மேலே ஒரு விமானம் பறந்து போனது. விமானம் போய்விட்டது, அதன் நிழல் போகவில்லை. வடக்கேயிருந்து பனங்காட்டையும் சுடுகாட்டையும் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்த நிழல், பெரிய பாத்திகளின் நடுவில் வந்ததும், நடந்து களைத்த மாடு நின்றுகொள்வதைப் போல அங்கேயே நின்றுகொண்டது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே வெறும் வானமும் கண்ணைக் குத்துகிற சூரியனும்தான் இருந்தன. கீழே, நீளமான இரண்டு ரெக்கையும் மீன் போன்ற உடம்பும் கவட்டையாகப் பிரிந்த வாலுமாக, வெள்ளை உப்பின்மேல் அது கறுப்பாகக் கிடந்தது. சாயங்காலம் மற்ற நிழல்களெல்லாம் கிழக்கே நீண்டபோதும் அது அசையவில்லை. இரவில் அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. காலையில் சூரியன் கடலிலிருந்து ஏறியபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டொரு நாள் ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போய்வந்தது. பிறகு பவளம் என்கிற வாயும் வயிறுமான பெண் உப்பு வாரும் பலகையோடு வெயிலில் மயங்கி விழுந்தாள். உப்பு வாரும் பெண்களுக்கு முன்னால் நின்று வேலை சொல்கிறவள் சுடலைவடிவு, ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், கத்தினால் கடலில் இருக்கும் ஆள் திரும்பிப் பார்க்கும் குரல். அவள் சுற்றிலும் பார்த்தாள். சேந்தன்துறையில் நிழல் தரும் மரம் கிடையாது, வடக்கே தள்ளி நிற்கும் பனைகளைத் தவிர உப்புக்காற்று ஒன்றையும் வளரவிடாது. அவள் பவளத்தை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நேராக நடந்துபோய் இடது ரெக்கையின் கீழே படுக்கவைத்தாள்.

"ஏட்டி, என்ன இது, மழைக்கு முந்தி வார காத்து மாதிரில்லா இருக்கு," என்றாள் சுடலைவடிவு, கையை நிழலுக்குள்ளும் வெளியிலுமாக நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு. பவளம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அதற்குப்பிறகு ஊர் நிழலுக்குக் குடிவந்துவிட்டது. இடது ரெக்கையில் பெண்கள் சோறு தின்றார்கள், கழி நட்டுத் தொட்டில் கட்டிக் கைக்குழந்தைகளை உறங்கவைத்தார்கள். வலது ரெக்கை ஆண்களுக்கானது, அதன் நுனி யாருக்கு என்று வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் சண்டை போட்டுக் கடைசியில் இரண்டு தெருக்காரர்களும் வெயிலில் நின்று பேசிக் களைத்து ஒன்றாகவே நுனியில் உட்கார்ந்தார்கள். வாலில் ஆடுகள் படுத்தன. மேலேயிருந்து வந்ததை மரியாதையாக நடத்தவேண்டும் என்று சுடலைமாடன் கோயில் பூசாரி மூக்குப் பக்கத்தில் தேங்காய் உடைத்தார். மாதாகோயில் உபதேசியார் வால் பக்கத்தில் நின்று ஜெபம் செய்தார். இரண்டுபேரும் நடுவில் சந்தித்து வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் தலைப்பாகையைக் கழற்றிவைத்துவிட்டு மாலைவரை தூங்கிப் போனார். நிழலின் கீழே பாத்தியில் உப்பு விளையவில்லை, தண்ணீர் தண்ணீராகவே நின்றது, அதற்கு ஒருநாள் முணுமுணுத்தார்கள், பிறகு அந்தத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மரமில்லாத ஊர் என்று பெண்கொடுக்க யோசித்த மேற்கத்தி ஊர்க்காரர்கள்கூட அந்த மாதம் நாலு இடத்திலிருந்து வந்து நிழலைப் பார்த்துவிட்டு, பையனையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உச்சிவேளையில் மட்டும் மேலே எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது, மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதுபோல. யாரும் ஒன்றும் பார்த்ததில்லை. தொம்மைக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. அவன் படகோட்டி, பினாங்குத் துறைமுகத்தில் தம்பியோடு மூட்டை தூக்கியவன். அங்கே குண்டு விழுந்த அன்று தம்பியை இழந்துவிட்டு, கிடைத்த கப்பலில் ஒற்றையாளாக ஊர் திரும்பியவன். அவன் ஒருநாளும் நிழலுக்குள் வந்து உட்காரவில்லை.

மதுரைக்குத் தெற்கே, மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலைக்குள் அப்போது ராணுவத்தின் புகைப்படப் பிரிவு ஒன்று வேலைசெய்தது. விமானங்கள் உயரத்திலிருந்து எடுத்துவரும் படங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துவைத்து, நாலு கால் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பார்கள்; அப்படிப் பார்த்தால் தட்டையாகக் கிடந்த வீடுகளும் மரங்களும் படத்திலிருந்து எழுந்து நிற்கும். தெரியாத விமானம் ஒன்று படத்தில் இருந்தால் அதன் ரெக்கையை, வாலை, நிழலைப் பார்த்து அது இன்னது, இன்னாருடையது என்று பெயர் சொல்லவேண்டும். பாளையங்கோட்டைக்காரி தயாவதி சாமுவேல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து அந்த வேலையைத்தான் செய்துவந்தாள். பெயர் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பெயர் சொன்ன விமானங்கள் நின்ற இடம், பிறகு வரும் படங்களில் கருகிய வட்டமாக இருக்கும். பக்கத்தில் இருந்த வீடுகளும் சில சமயம் இருக்காது.

கரையோரம் எடுத்த படங்களில் சேந்தன்துறை வந்தபோது அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. உப்பளத்தில் ஒரு விமானம் நிற்கிறது, அச்சடித்து வைத்திருந்த எந்த அட்டையிலும் அந்த உருவம் இல்லை. பிரிவின் தலைவர் மேஜர் ஹால்டன் படத்தைப் பார்த்தார். வியர்க்குருவால் எப்போதும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கும் பருத்த மனிதர் அவர்.

"எதிரியினுடையது. ஊர்க்காரர்கள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்," என்றார்.

"சார், இது எழுந்து நிற்கவில்லை," என்றாள் தயாவதி. "கண்ணாடியில் பாருங்கள். உப்புக் குவியல் நிற்கிறது, ஆடு நிற்கிறது, இது மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. இது விமானம் இல்லை, நிழல்."

மேஜர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எதனுடைய நிழல்?"

"தெரியவில்லை சார்."

"தெரியவில்லை என்று நான் மேலிடத்துக்குச் சொல்லமுடியாது. சனிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும். இல்லாவிட்டால் குண்டு போடத்தான் சொல்வார்கள்." அவர் நிமிர்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயே போய்ப் பார். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன்."

அப்படித்தான் காக்கிப் புடவை கட்டிய தயாவதி, படங்களும் கண்ணாடியும் வைத்த தோல்பையோடு மாட்டுவண்டியில் சேந்தன்துறைக்கு வந்து இறங்கினாள். யாரும் பதறவில்லை. சுடலைவடிவு அவளை ரெக்கைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பவளத்தின் பிள்ளையை மடியில் போட்டாள்.

"இங்கன பொறந்த பிள்ளை, பட்டாளத்தம்மா. வெயில்னா என்னன்னே தெரியாது அதுக்கு."

தயாவதி நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் நேராக அவள் முகத்தில் இருந்தது, அவளுடைய கை நிழலில் இருந்தது. அவள் எழுந்து நிழலின் ஓரமாகவே நடந்து, மூக்கிலிருந்து ரெக்கை நுனிக்கும், நுனியிலிருந்து வாலுக்கும் போய்வந்தாள். பிறகு பழைய படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"வடிவக்கா, முதல் நாள் இதோட ஓரம் எப்படி இருந்துச்சு?"

"ஓரமா? அன்னைக்கு ஓரமே கிடையாது. புகை மாதிரி இருந்துச்சு, எங்க நிழல் முடியுது, எங்க வெயில் தொடங்குதுன்னே தெரியல. இப்பல்லா கோடு கிழிச்ச மாதிரி ஆயிட்டு."

தயாவதி படத்தைத் தரையில் கிடந்த ஓரத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். உயரத்தில் பறப்பதன் நிழல் ஓரம் கலங்கி விழும், தாழ வரவரத் தெளியும். அவள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது.

"அக்கா, இது மேலதான் இருக்கு. எறங்கிக்கிட்டு இருக்கு."

"யாரு?"

"விமானம். தன் நிழலைத் தொடாம எந்த விமானமும் தரையில எறங்கமுடியாது. இது நிழலை இங்க விட்டுட்டு, அதைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வருது."

சுடலைவடிவு வானத்தைப் பார்த்தாள், பிறகு பாத்திகளைப் பார்த்தாள். "இம்புட்டு வரப்பு இருக்கே தாயி. சக்கரம் இடறிப் போவுமே."

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. நிழலுக்கு வடக்கே நீளமாக வரப்புகளை வெட்டி, தண்ணீரை வடித்து, தரையை மிதித்து இறுக்கவேண்டும் என்றாள் சுடலைவடிவு. அறுப்புக்கு நின்ற உப்பு போகும், மறுபடி பாத்தி கட்ட அடுத்த கோடை வரவேண்டும். கூட்டத்துக்கு வெளியே நின்ற தொம்மைதான் முதலில் பேசினான்.

"எவனுக்காக? மேல சுத்துதவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பினாங்குல என் தம்பி மேல போட்டவனா இருந்தா?"

"இருக்கலாம்," என்றாள் சுடலைவடிவு.

"இருக்கலாமா! அவனுக்கா பாய் விரிக்கிய?"

"தொம்மை, இம்புட்டு நாளா அவன் நிழல்லதான் பிள்ளைய உறங்கப் போட்டிருக்கோம். பறக்கவும் ஏலாம எறங்கவும் ஏலாம ஒருத்தன் தலைக்கு மேல கெடந்து சுத்துதான். எறங்கட்டும். எறங்கினவன்கிட்ட நீயே கேளு, நீதானான்னு. நான் தடுக்கமாட்டேன்."

தொம்மை கடற்கரைப் பக்கம் நடந்துபோனான். மற்றவர்கள் மண்வெட்டி எடுத்து வந்தார்கள். வியாழக்கிழமை முழுக்க சேந்தன்துறை தன் அளத்தைத் தானே உடைத்தது. ஆண்கள் வரப்பை வெட்டினார்கள், பெண்கள் வரிசையாகக் கைகோர்த்து நின்று ஈரத்தரையை மிதித்தார்கள், கால்வெடிப்பில் உப்பு ஏறி எரிந்ததை மறக்க நடவுப்பாட்டு போல ஒன்றை இட்டுக்கட்டிப் பாடினார்கள், வா வா என்பதைத் தவிர அதில் வேறு வார்த்தையே இல்லை. காக்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாவதியும் அந்த வரிசையில் நின்றாள். பொழுது சாயும்போது வரிசையின் கடைசியில் தொம்மை தனியாக மிதித்துக்கொண்டிருந்ததைப் பலரும் பார்த்தார்கள், பார்த்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் மேஜர் ஹால்டனின் ஜீப்பும், பின்னால் சிப்பாய்கள் ஏறிய லாரியும், படம் கழுவுகிற இருட்டறை வண்டியும் வந்து சேர்ந்தன. மேஜர் நிழலுக்குள் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார். அந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக அவர் கழுத்து அரிக்கவில்லை. ஆனாலும் கடமையை மறக்கவில்லை.

"பெயர்?" என்றார்.

தயாவதி பதில் சொல்வதற்குள் சத்தம் கேட்டது. வண்டுச் சத்தம் உறுமலாகி, உறுமல் காதை அடைத்தது. நிழல், ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் சிலிர்ப்பதைப் போல ஒருமுறை நடுங்கிற்று. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று சுடலைவடிவு கத்திய கத்தில், தொட்டில்களைப் பிடுங்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள், ஆடுகள் ஓடின, சிப்பாய்களும் ஓடினார்கள். அப்போது அது தெரிந்தது. பனங்காட்டுக்கு மேலே, பனைமட்டைகளை உரசிக்கொண்டு, பழந்துணி போல வெளுத்த ஒரு விமானம் தள்ளாடி வந்தது. நிழல் தன் இடத்தைவிட்டு எழுந்து அதை எதிர்கொண்டு ஓடியது. உடைத்த வரப்புகளின் நடுவே, மிதித்த தரையில், சக்கரமும் சக்கரத்தின் நிழலும் ஒன்றையொன்று தொட்டன. உப்பு இரண்டு பக்கமும் அலையாக எழும்பி எல்லோர் தலையிலும் விழுந்தது. விமானம் நின்றது. நின்றதும் அதன் நிழல் மற்ற நிழல்களைப் போலவே அதன் வயிற்றுக்கடியில் சுருண்டுகொண்டது.

சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். மேஜர் விமானத்தைச் சுற்றிவந்தார். ரெக்கையிலும் வாலிலும் கடல்காற்று எல்லா அடையாளத்தையும் அரித்துத் தின்றிருந்தது. கொடி இல்லை, எண் இல்லை. கண்ணாடிக் கூண்டைத் திறந்து இறங்கியவன் இருபது இருபத்தைந்து வயதுப் பையன். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது, உடுப்பு வெளுத்து எந்தப் பட்டாளத்துடையது என்று சொல்லமுடியாதபடி இருந்தது. கால் தரையில் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மேஜர் அவனிடம் இரண்டு மூன்று பாஷைகளில் கேட்டார். அவன் உதடுகள் வெடித்திருந்தன, பேச்சு வரவில்லை.

துப்பாக்கிகளைத் தாண்டித் தொம்மைதான் முதலில் போனான். போய் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்தான். கேட்கவேண்டியது வாய்வரை வந்தது ஊருக்கே தெரிந்தது. அந்தப் பையன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலை நீட்டி, ஈர உப்பின்மேல் வரைய ஆரம்பித்தான். ஒரு வளைந்த கோடு. அதன்மேல் முறிந்த பாய்மரம். அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள், தலைகள், நிறையத் தலைகள். அதைச் சுற்றிலும் அலைகள். வரைந்துவிட்டு விமானத்தின் வயிற்றைக் காட்டினான். அங்கே ஒரு கேமரா இருந்தது. சிப்பாய்களில் ஒருவன் அதன் பிலிம் உருளையைக் கழற்றி எடுத்துவந்தான்.

இருட்டறை வண்டியில் படங்களைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தயாவதியின் முன்னால் வைத்தார்கள். எல்லாம் கடல், கடல், கடல். கடைசிப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே படகு. அவள் இரண்டு படங்களைச் சேர்த்துக் கண்ணாடியை வைத்துக் குனிந்ததும் அந்தப் படகு எழுந்து நின்றது. பாய்மரம் ஒடிந்த மலேயாப் பக்கத்து மரக்கலம். தளம் முழுக்க ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்று தலைக்குமேலே துணியை வீசிக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றி வந்து அவர்களையே எடுத்திருக்கிறான். அவனால் இறங்கவும் முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

"மணல்திட்டு ஒண்ணு ஓரத்துல தெரியுது," என்றாள் தயாவதி. "பிறை மாதிரி, நடுவுல உடைஞ்சு. இது எங்கே இருக்கு?"

தொம்மை குனிந்து பார்த்தான். "குருசுத்திட்டு. தென்கிழக்கால. காத்து நல்லா இருந்தா விடியமுந்தி போயிரலாம்."

"இது வலையாக இருக்கலாம்," என்றார் மேஜர். "படகுகளை வெளியே இழுக்கிற தந்திரம். இவன் யார் என்றே நமக்குத் தெரியாது."

தயாவதி அதைத் தமிழில் சொன்னாள். தொம்மை கேட்டுக்கொண்டான்.

"பட்டாளத்தம்மா, இந்தப் படம் என்னைக்கி எடுத்ததுன்னு சொல்லமுடியுமா? நேத்தா, போன மாசமா?"

"முடியாது அண்ணே. அவங்க இன்னும் இருக்காங்களான்னும் படம் சொல்லாது."

"அப்ப போய்த்தான் பாக்கணும்." அவன் எழுந்தான். பையனைத் திரும்பிப் பார்த்தான். சுடலைவடிவு அவன் தலையை மடியில் வைத்து விரலால் மோரை உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள். "அவன்கிட்ட கேக்கணும்னு ஒண்ணு வச்சிருந்தேன். வந்து கேட்டுக்கிடுதேன். கடல்ல ஆளு கெடக்கு."

அவன் தன் படகை இறக்கியதும் பின்னாலேயே துறையில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேஜர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பில் இருந்த ஒயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கூப்பிட்டார். விமானம் அடையாளம் காணப்பட்டது, குண்டு வேண்டாம் என்றார். என்ன விமானம் என்று அந்தப் பக்கம் கேட்டது. மேஜர் அளத்தில் நின்ற விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இறங்கிவிட்ட விமானம்," என்று சொல்லிவிட்டு, சண்டைக்கில்லை என்பதற்கு வெள்ளைத்துணி கட்டிய கடற்படைப் படகு ஒன்றைக் குருசுத்திட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை உச்சிவேளைவரை படகுகள் திரும்பவில்லை. ஊர் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. இனி அளத்தில் நிழல் இல்லை, வெயில் தலையைப் பிளந்தது, பெண்கள் முந்தானையை விரித்துக் குழந்தைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் ஒரு கட்டிலில் படுத்தபடி கடலையே பார்த்தான். அவனை அழைத்துப்போக வந்த சிப்பாய்களை மேஜர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். போர்க்கைதியாக அவன் முகாமுக்குப் போகவேண்டியவன், போகத்தான் போகிறான், அதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

வெயில் தாழ்ந்தபோது முதல் பாய் தெரிந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. தொம்மையின் படகு முன்னால் வந்தது, அதன் தளம் நிறைய ஆட்கள், பக்கத்துப் படகுகளிலும் பின்னால் வந்த கடற்படைப் படகிலும் ஆட்கள், கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சேந்தன்துறை முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டது. கட்டிலில் இருந்த பையன் எழுந்து உட்கார முயன்றான், மேஜர் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார்.

படத்தில் துணி வீசியவள் தொம்மையின் படகின் முனையில் நின்றாள். அந்தத் துணி இன்னும் அவள் கையில் சுற்றியிருந்தது. கரையையும், தண்ணீருக்குள் நிற்கும் அத்தனைபேரையும் மாறிமாறிப் பார்த்தாள். இறங்கக் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"இது எந்த ஊரு?" என்று கேட்டாள், தமிழில்.

சுடலைவடிவு தண்ணீரை விலக்கிக்கொண்டு கிட்டே போய், இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"நம்ம ஊருதான் தாயி. எறங்கு."